வால் டோர்ச்சாவின் வெள்ளைச் சாலைகள்: எந்த சைக்கிள், எந்த மாதம்?

இத்தாலியில் டஸ்கனி மாநிலத்தின் தெற்கே, சியெனா நகருக்குக் கீழே இருக்கிறது வால் டோர்ச்சா. ஓர்ச்சா என்கிற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கு. பெயர் தெரியாவிட்டாலும் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கோதுமை வயல் மேட்டில் வரிசையாகச் சைப்ரஸ் மரங்கள், நடுவே நெளிந்து போகும் வெள்ளை மண் சாலை. அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டத்தான் நானும் மனைவியும் இரண்டு முறை போய் வந்தோம். இப்போது போகத் திட்டமிடும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த சைக்கிள் எடுக்கணும்?"

வழி நான்கு உண்டு. ரோடு பைக்கிலேயே கொஞ்சம் அகலமான டயர் மாட்டிக்கொள்ளலாம். சரளைப் பாதைக்கென்றே அகலமான டயரோடு வரும் கிராவல் பைக் எடுக்கலாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் எடுக்கலாம். மோட்டார் வைத்த இ-பைக் எடுக்கலாம். முதல் முறை ரோடு பைக்கில் போய்ச் சிரமப்பட்டேன். இரண்டாம் முறை கிராவல் பைக்கில் இரண்டு நாள், மவுண்டன் பைக்கில் இரண்டு நாள் ஓட்டினேன். மனைவி அப்போது இ-பைக்கில் வந்தார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடையில் சைக்கிளைக் காட்டும்போது எல்லோரும் டயரைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கியர். டயரைவிட அதுதான் உங்கள் நான்கு நாளை நடத்தும்.

ஏன் என்று சொல்ல, அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியர்கள் அதை ஸ்ட்ராடே பியாங்கே என்கிறார்கள். வெள்ளைச் சாலைகள் என்றுதான் பொருள். தார் ஊற்றுவதற்கு முன் ரோலர் ஓட்டி இறுக்கி வைத்த கப்பி ரோடு பார்த்திருப்பீர்கள்; ஏறத்தாழ அதே பதம். களிமண்ணும் சுண்ணாம்புக்கல் சரளையும் கலந்து இறுகிய பாதை. பண்ணை வீட்டையும் வயலையும் ஊரோடு சேர்க்கிற பாதைகள் இவை. இவற்றுக்கெல்லாம் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1997-இல் கயோலே என்ற ஊரில் லெரோய்கா என்கிற சைக்கிள் விழா தொடங்கியது. 1987-க்கு முன் செய்த பழைய சைக்கிள்களில்தான் அதில் ஓட்டலாம். இன்றைக்கு அதே பெயரில் 209 கிலோமீட்டர் நிரந்தரப் பாதை ஒன்று பலகை நட்டுக் குறிக்கப்பட்டிருக்கிறது. வருடம் முழுக்க யாரும் ஓட்டலாம். 2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான ஸ்ட்ராடே பியாங்கே பந்தயமும் வந்தது. ஒரு சைக்கிள் விழாவால் மண் சாலைக்குத் தார் போடாமல் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

வறண்ட நாளில் அந்தப் பாதையில் கார் சக்கரம் ஓடி ஓடி, வழவழவென்று இரண்டு தடம் விழுந்திருக்கும். தடத்தைப் பிடித்து ஓட்டினால் ரோடு பைக்கே சுகமாகப் போகும். தடத்தை விட்டு அரை அடி நகர்ந்தால் உதிரிச் சரளை. இறக்கத்தில், வளைவின் உள்பக்கம் அது குவிந்து கிடக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டிகள் சக்கரம் சுழன்று ஏறுவதால், குறுக்கே சின்னச் சின்ன வரப்பு போட்டதுபோல் அலை அலையாக இருக்கும். உட்கார்ந்து மிதித்தால் உடம்பு முழுக்க உலுக்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடி இழந்து சுற்றும். இரண்டுக்கும் நடுவில், உட்கார்ந்தபடியே, மெதுவாக, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அப்படி மெதுவாக மிதிக்கத்தான் சின்ன கியர் தேவைப்படுகிறது.

பள்ளத்தாக்கு என்றதும் ஆற்றங்கரையோரம் சமதளமாகப் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே ஊர்கள் எல்லாம் மேட்டு உச்சியில். சான் குவிரிகோ 409 மீட்டர் உயரம், பியென்சா 491, மொன்டால்சினோ 564. கோட்டை உள்ள ரடிகோஃபானி 800-ஐத் தாண்டும். ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் ஓடை வரை இறங்கி மறுபடி ஏறணும். காபி குடிக்க, தண்ணீர் பிடிக்க, மதியம் சாப்பிட என்று எதற்குப் போனாலும் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம்தான். ஒரு நாளில் 55 கிலோமீட்டர் ஓட்டினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். அந்த ஏற்றமும் நம் மலைச்சாலைபோல் கொண்டை ஊசி வளைவு போட்டு நிதானமாக ஏறுவதில்லை. வண்டிமாட்டுப் பாதை எப்படிப் போனதோ அப்படியே நேராக மேட்டில் ஏறும். 200, 300 மீட்டர் நீளத்துக்கு 15 சதவீதச் சரிவு என்பது இங்கே சாதாரணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முடிவு முழுக்க இதில்தான் இருக்கிறது.

முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கில் பொதுவாக 34-க்கு 34. விகிதம் 1. அதாவது மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம். அதற்குக் கீழே மிதித்தால் முழங்கால் வலிக்க ஆரம்பிக்கும். 75 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் பையும் சேர்ந்து 12 கிலோ என்று வைத்தால், 15 சதவீதச் சரளை ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 290 வாட் வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிற நம்மில் பலருக்கு அந்த அளவைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது.

முன்னால் இரண்டு பல்சக்கரம் உள்ள கிராவல் பைக்கில் 30-க்கு 34 வரும். விகிதம் 0.88. அதே மிதிப்பில் 260 வாட் போதும். முன்னால் ஒரே பல்சக்கரம், 40 பல், பின்னால் 42 என்று வரும் கிராவல் பைக்குகளும் உண்டு. அதன் விகிதம் 0.95, கிட்டத்தட்ட ரோடு பைக்தான். அதே 40 பல்லுக்குப் பின்னால் 51 இருந்தால் 0.78, தேவை 230 வாட்டுக்கு இறங்கும். மவுண்டன் பைக்கில் 32-க்கு 51 கிடைக்கும்: 0.63. அதில் 195 வாட்டில் மணிக்கு 5.2 கிலோமீட்டர் வேகத்தில் பேசிக்கொண்டே ஏறலாம்.

இரண்டு கிராவல் பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே நிறம், ஒரே டயர், ஒரே விலை. ஒன்றில் ஏறுவீர்கள், மற்றொன்றில் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். அதனால்தான் வாடகைக் கடைக்கு எழுதும்போது "உங்களிடம் கிராவல் பைக் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். முன்னால் எத்தனை பல், பின்னால் அதிகபட்சம் எத்தனை பல் என்று கேளுங்கள். 0.8-க்கு மேல் போனால் வேறு சைக்கிள் கேளுங்கள். வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிற ஆள் நீங்கள் என்றால் 0.9 வரை சமாளிப்பீர்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

ரோடு பைக், 32 மில்லிமீட்டர் டயர்

பந்தய வீரர்கள் இதில்தான் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தின் லூச்சின்யானோ தாஸ்ஸோ பகுதி 11.9 கிலோமீட்டர் சரளை; அதை முடித்த கையோடு பியேவே ஆ சால்டி, 8 கிலோமீட்டர். இரண்டையும் மெல்லிய டயரில் மணிக்கு 40-ஐத் தொட்டுக் கடக்கிறார்கள். டயர் போதாது என்பதல்ல, கால் போதாது என்பதே நம் பிரச்சினை. அதோடு அவர்களுக்குப் பஞ்சரானால் பின்னால் காரில் சக்கரம் வருகிறது.

உங்களிடம் சொந்த ரோடு பைக் இருந்து, அதில் 32 டயர் நுழைந்து, பின்னால் 34-க்கு மேல் பல் மாட்ட முடிந்து, பாதியாவது தார்ச்சாலையில் ஓட்டுவதாகத் திட்டம் என்றால் கொண்டு போகலாம். வறண்ட வாரமாக இருந்தால் நன்றாகவே போகும். இறக்கத்தில் மட்டும் கவனம். சக்கர வளையத்தைக் கட்டை கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் நான் ஒப்பவே மாட்டேன்; ஏன் என்பதற்கு ஒரு மதியப்பொழுதைச் சொல்கிறேன்.

முதல் பயணம் ஏப்ரல் மாதம். இரண்டு நாள் மழை பெய்து, மூன்றாம் நாள் வெயில் அடித்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. டோர்ரெனியேரி என்ற ஊரைத் தாண்டி ஒரு வெள்ளைச் சாலையில் திரும்பினோம். முதல் 200 மீட்டர் சரியாகத்தான் இருந்தது. பிறகு சரளை குறைந்து வெறும் களிமண்ணாகிவிட்டது. முன்சக்கரம் கனத்தது. இன்னும் பத்துச் சுற்று சுற்றியிருக்கும், சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, பிரேக் கட்டையைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் மண் பிசைந்த மாவு மாதிரி அடைந்திருந்தது. விரலால் வழித்தால் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. வயல் ஓரத்தில் கவாத்து செய்து போட்டிருந்த திராட்சைக் கொடிக் குச்சி ஒன்றை எடுத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். பத்தடி உருட்டினால் மறுபடி அடைப்பு. மனைவி செருப்புக்கடியிலும் இரண்டங்குலக் கட்டையாக மண் சேர்ந்துவிட்டது. "தூக்கிட்டே நடந்துருங்க, உருட்டினா இன்னும் ஒட்டும்" என்றார். தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடந்தோம். சைக்கிளின் எடை அன்றைக்கு இரண்டு மடங்காகியிருந்தது. ஊர்க்குழாயில் கழுவியும் மிச்சமிருந்த மண் மறுநாள் ஓடுபோல் இறுகிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் வைத்துத்தான் பெயர்க்க முடிந்தது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நிறம்தான் வேறு. வால் டோர்ச்சாவும் அதற்கு வடக்கே உள்ள கிரேட்டே செனேசி மேடுகளும் ஒரு காலத்தில் கடலடி. அந்தக் கடல் படிய வைத்த களிமண்தான் இன்றைய வயல். நனைந்தால் பசை, காய்ந்தால் கல். 2010-ஆம் ஆண்டு, இத்தாலியைச் சுற்றும் ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயத்தின் ஏழாம் கட்டம் மழையில் இந்தச் சாலைகள் வழியாக மொன்டால்சினோவுக்கு வந்தது. வென்ற கேடல் எவன்ஸ் உலகச் சாம்பியனுக்கான வானவில் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். முடிவுக்கோட்டைத் தாண்டியபோது அந்தப் பட்டையே சேற்றில் மங்கியிருந்தது. அந்தப் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிரேக்கை முடிவு செய்யுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அடைக்க இடம் குறைவு, ஈரத்திலும் பிடிக்கும். டயருக்கு இருபுறமும் ஒரு விரலாவது நுழைய இடைவெளி இருக்க வேண்டும்.

கிராவல் பைக், 40 முதல் 45 மில்லிமீட்டர் டயர்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான், மேலே சொன்ன கியர் நிபந்தனையோடு. தார்ச்சாலையில் ரோடு பைக்குக்குக் கொஞ்சம்தான் பின்தங்கும். சரளையில் கை மரத்துப் போகாது. இங்கே ஒரு நாள் பயணம் என்பது எப்படியும் பாதி தார், பாதி சரளை என்று கலந்துதான் அமையும். அந்தக் கலவைக்காகவே செய்த வண்டிபோல் இருக்கிறது.

டயரின் அகலத்தைவிடக் காற்றில் கவனம் வையுங்கள். கடையில் பெரும்பாலும் கல் மாதிரி அடித்துத் தருவார்கள். 75 கிலோ ஆளுக்கு 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 2.3 பார், அதாவது 33 பிஎஸ்ஐ போதும். மூன்று பாரில் ஓட்டிய முதல் நாள், இறக்கத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியில் என் உள்ளங்கை சிவந்துபோனது. மறுநாள் காற்றைக் குறைத்தேன், அதே இறக்கம் வேறு சாலைபோல் இருந்தது. கட்டைக் கட்டையாகக் குமிழ் வைத்த டயர் வேண்டாம். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழும் இருந்தால் போதும். ஈரக் களிமண்ணில் எந்தக் குமிழும் உதவாது, மண்ணைத்தான் சேர்த்து வைக்கும்.

மவுண்டன் பைக்

இதைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். கிராவல் ஓட்டப் போகிறோம், மவுண்டன் பைக் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாம் நாள் என் கிராவல் பைக்கில் பின்சக்கரம் கோணிவிட, கடைக்காரர் வேறு இல்லாமல் ஒரு மவுண்டன் பைக்கைக் கொடுத்தார். அன்று ரடிகோஃபானிக்கு ஏறினோம். ரோமுக்கு நடந்து போன யாத்ரீகர்களின் வழியான வியா ஃபிரான்சிஜெனா அந்தப் பக்கமாகத்தான் போகிறது. சான் குவிரிகோவிலிருந்து ரடிகோஃபானி வரை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு நாள் நடைக் கட்டம் அது. அதை ஒட்டிய பாதைகளில் 0.63 கியரில் போட்டுவிட்டு, மேலே கறுத்துத் தெரிந்த கோட்டைக் கோபுரத்தைப் பார்த்தபடி மிதித்தேன். முதல் முறையாக அந்த ஏற்றங்களில் சுற்றுமுற்றும் பார்க்க முடிந்தது. வலதுபுறம் மோன்டே அமியாட்டா. 1,738 மீட்டர் உயரம், பழைய எரிமலை. இடுப்பு வரை கறுத்த செஸ்ட்நட் மரக்காடு. இரண்டு நாளாக அதே மலை அங்கேதான் நின்றிருக்கிறது, நான் முன்டயரை மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

குறை என்ன? தார்ச்சாலையில் சோம்பலாகப் போகும். எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் இன்னும் மெதுவாகும். தினம் 70, 80 கிலோமீட்டர் ஓட்டத் திட்டமென்றால் சலிப்பு தரும். 40, 50 கிலோமீட்டர் போதும், ஏற்றத்தில் மூச்சு வாங்கக் கூடாது, இறக்கத்தில் பயம் வேண்டாம் என்பவர்களுக்கு, கியர் பெரிதாக உள்ள கிராவல் பைக்கைவிட இதுவே நல்லது. வாடகையும் பொதுவாகக் குறைவு.

இ-பைக்

ஜோடியாகப் போகிறவர்கள், இருவரின் பலமும் ஒன்றாக இல்லாதவர்கள், இதை முதலிலேயே யோசியுங்கள். முதல் பயணத்தில் ஒவ்வொரு மேட்டிலும் நான் முன்னால் போய் நிற்பேன், மனைவி தளர்ந்து வந்து சேருவார், அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நான் கிளம்பத் தயாராக இருப்பேன். அது இருவருக்குமே நல்ல பயணமாக இல்லை. இரண்டாம் முறை அவர் இ-பைக்கில் வந்தார். "நீங்க மெதுவா வாங்க, நான் மேல போய்த் தண்ணி பிடிச்சு வைக்கிறேன்" என்று என்னைத் தாண்டிப் போனார். மேலே போய்ச் சேர்ந்தால் குழாயடியில் இரண்டு பாட்டிலும் நிறைந்திருக்கும். நாங்கள் சேர்ந்து ஓட்டிய மிக நல்ல நான்கு நாட்கள் அவை.

ஐரோப்பியச் சட்டப்படி இ-பைக்கின் மோட்டார் 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். பேட்டரி தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, நாள் முழுக்க 1,200 மீட்டர் ஏற்றம் என்றால், உயரத்தைத் தூக்க மட்டும் ஏறத்தாழ 300 வாட்-மணி. அதில் பாதியை மோட்டார் செய்கிறது என்று வைத்து, வீணாவதையும் சேர்த்தால் 190-க்குப் பக்கம் போகும். சமதளத்துக்கும் சரளைக்கும் இன்னொரு நூறு. ஆக 500 வாட்-மணி பேட்டரி தாராளம். 250-தான் இருக்கிறது என்றால் ஏற்றத்தில் மட்டும் போட வேண்டும், மீதி நேரம் அணைத்துவிட வேண்டும். எப்போதும் அதிகபட்ச உதவியில் வைத்து ஓட்டினால் 500-ம் மதியத்துக்குள் தீரும். தீர்ந்த பிறகு 20 கிலோவுக்கு மேலான வண்டியை மேட்டில் மிதிக்க வேண்டியிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செருக அனுமதிக்கிற கடைகள் உண்டு. சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த அளவு பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்; 160 வாட்-மணிக்கு மேல் அனுமதியே இல்லை. எனவே இ-பைக் என்றால் அங்கேதான் வாடகைக்கு எடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

மாதம்

சைக்கிளுக்கு இணையான முடிவு இது. களிமண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மார்ச், ஏப்ரலில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். மழை பெய்த மறுநாள் நன்றாகச் சரளை போட்ட சாலைகள் ஓட்டும்படி இருக்கும். வயலுக்குள் போகும் பாதைகளுக்கு இரண்டு நாளாவது விட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சேறு கிடையாது, ஆனால் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். வயல் மேடுகளில் ஒதுங்க ஒரு மரம் இருக்காது, சைப்ரஸ் நிழல் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. ஊர் விட்டு ஊர் போகும் வரை குடிநீர்க் குழாயும் இல்லை. ஒவ்வொரு கார் தாண்டும்போதும் வெள்ளைப் புழுதி பல்லில் நறநறக்கும். நவம்பரில் மழையும் சேறும் சேர்ந்துவிடும்.

மிஞ்சுவது மே மாதமும் செப்டம்பர் பிற்பாதியும். மே மாதம் போனால் கோதுமை பச்சை, நடுவே செக்கச்செவேலென்று பாப்பிப் பூக்கள், பொழுது சாய எட்டரை மணி ஆகும். செப்டம்பரில் உழுது போட்ட சாம்பல் நிற மண், திராட்சை அறுவடை. பாதையோ இறுகிக் கிடக்கும். படத்துக்காகப் போகிறவர்கள் மே என்பார்கள். சைக்கிளுக்காகப் போகிறவன் நான், செப்டம்பர் பிற்பாதியைத்தான் எடுப்பேன். கோடை முழுக்கக் காய்ந்த சாலை ஒரு நாள் தூறலைத் தாங்கும். மே மாதச் சாலை தாங்காது.

எந்த மாதம் போனாலும் ஆட்டு மந்தை இருக்கும். பியென்சா, பெக்கோரினோ என்கிற செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பேர் போன ஊர். மந்தையைக் காக்கும் மாரெம்மா நாய்கள் பெரியவை, வெள்ளை நிறம், ஆடுகளோடு ஆடாகப் படுத்திருக்கும். வேகமாகக் கடந்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவே வைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்தால் விட்டுவிடும். எங்களை இரண்டு முறையும் விட்டது.

எந்த ஊரில் தங்குவது

மொன்டால்சினோ பெரிய பெயர், புருனெல்லோ மது, கோட்டை எல்லாம் உண்டு. ஆனால் 564 மீட்டர் உச்சியில் இருக்கிறது. தினம் காலை சும்மா இறங்கிவிட்டு, களைத்துப்போன மாலையில் அறைக்கு ஏற வேண்டும். நான்கு நாளும் அப்படித்தான் முடியும். இ-பைக்காரர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

புவோன்கொன்வென்டோ 147 மீட்டரில் கீழே இருக்கிறது. சியெனாவிலிருந்து ரயில் வரும். வட்டார ரயில்களில் தனிச் சீட்டு எடுத்தால் சைக்கிளையும் ஏற்றலாம். காலையில் ஏறி மாலையில் இறங்கி வரலாம் என்பது பெரிய சௌகரியம். லெரோய்காவின் நிரந்தரப் பாதையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் பள்ளத்தாக்கின் நடுவுக்குப் போய்வரத் தினம் தூரம் கூடும். கார் இல்லாமல் போகிறவர்களுக்கு இதுவே ஊர்.

கார் இருந்தால், முதல் முறை போகிறீர்கள் என்றால், சான் குவிரிகோ. எல்லாத் திசைக்கும் நடு. கிழக்கே விடாலேட்டா சிறு தேவாலயம் வழியாகப் பியென்சாவுக்கு வெள்ளைச் சாலை. தெற்கே இறங்கினால் பான்யோ வின்யோனி; ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் இருக்கும் கிராமம். ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்தினால் நான்கு வரை திறக்க மாட்டார்கள், அதற்குள் பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள். சைவக்காரர்கள் பீச்சி என்கிற தடித்த சேமியாவைப் பூண்டும் தக்காளியும் போட்டுக் கேட்கலாம். அல்லாயோனே என்று சொன்னால் புரியும்.

சைக்கிளை வாங்கியதும் நேராக நீண்ட பயணம் கிளம்பிவிடாதீர்கள். முதல் நாள் மதியம் பான்யோ வின்யோனி வரை இறங்குங்கள். பழைய மாவரைக்கும் ஆலைகள் இருந்த பக்கமாக வெந்நீர் சின்ன வாய்க்காலாக ஓடும். அதில் கால் நனைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் ஏற்றத்தில் மிகச் சின்ன கியரைப் போட்டு, எழுந்து நிற்காமல் ஏறிப் பாருங்கள். பாதியில் கால் தரையில் பட்டால், வெட்கப்படாமல் அன்று மாலையே கடைக்குப் போய் மவுண்டன் பைக்காகவோ இ-பைக்காகவோ மாற்றிக் கேளுங்கள். கடை பொதுவாக ஏழரை மணி வரை திறந்திருக்கும்.